மஞ்சள் தண்ணீர் தெளித்த மூட்டை

ஈரம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் இருக்கும் ஒரு அரிசி ஆலையில் பதினெட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். விவசாயிகள் கொண்டுவரும் நெல் மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி, அதன் குழிவில் வருகிற நெல்லை எடுத்து மிஷினில் போட்டு, அது காட்டுகிற எண்ணைச் சொல்ல வேண்டும். எண் கூடுதலாக இருந்தால் மூட்டை களத்துக்குப் போய் இன்னும் இரண்டு நாள் காய வேண்டும். வண்டி வாடகை கொடுத்துக் கொண்டுவந்தவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? "இந்தம்மா கண்ணு பட்டாலே காஞ்ச நெல்லும் ஈரமாயிடும்" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். ஈரக்காரம்மா என்று எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான். நாலு நெல்லை வாயில் போட்டுக் கடித்து, "பாரும்மா, சத்தம் கேக்குதா, நல்லா காஞ்சிருக்குது" என்று கெஞ்சுகிறவரிடம், "உங்க பல்லு பொய் சொல்லாதுங்க, ஆனா மிஷினுக்குப் பல்லு இல்லியே, அது வேற மாதிரிதான் பேசுது" என்பேன்.

ஆலைக் கிடங்கும் என் பொறுப்புதான். அரிசி மூட்டையைத் தரையில் வைக்கக் கூடாது, அடியில் மரச்சட்டம் போட வேண்டும். சுவரில் சாய்க்கக் கூடாது, ஒரு ஆள் நடக்கிற அளவு இடம் விட வேண்டும். பாலிதீன் தாளைப் போட்டு மூச்சு முட்ட மூடக் கூடாது. மழை நாளில் கதவைச் சாத்து, வெயில் நாளில் திற. ஈரம் பதினாலுக்கு மேல் ஏறினால் பூசணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. ஒருமுறை பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பூசணம் கண்ணுக்குத் தெரியும், அது விட்டுவிட்டுப் போகிற விஷம் தெரியாது. தட்டிவிட்டாலும் போகாது, கழுவினாலும் போகாது, சோறாக வேக வைத்தாலும் போகாது. அன்றைக்கே ஆளைப் படுக்க வைக்காது. சாப்பிடச் சாப்பிடக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரலுக்குக் கெடுதல் செய்யும். இந்தக் கடைசி வரிக்கு அடியில் நான் கோடு வேறு போட்டிருந்தேன்.

விளக்குக்கு அடியில் இருட்டு என்பார்கள். என் வீட்டுக்குள்ளேயே நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

என் கணவருக்குச் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொள்கிற வேலை. வெளிநாட்டுக்காரர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கிப் போகிற இடம். அறையைத் திறந்துவிடுவது, மோட்டார் போடுவது, குரங்கு துணியைத் தூக்கிக்கொண்டு போனால் துரத்துவது எல்லாம் அவர்தான். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார். எதையும் தூக்கிப் போட மனசு வராது. ஊருக்குப் போகிறவர்கள் விட்டுச் சென்ற பாதி மெழுகுவர்த்தி, ஒற்றைச் செருப்பு, தீர்ந்துபோன பேனா எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கும். சோற்று விஷயத்தில் கேட்கவே வேண்டாம். தட்டைச் சுற்றிச் சிந்தின பருக்கையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொள்வார். "இன்னாங்க, கோழியா நீங்க" என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பார், பொறுக்குவதை நிறுத்த மாட்டார். கீழ்பென்னாத்தூர் பக்கம் அவர் பங்குக்கு வந்த ஒண்ணேகால் ஏக்கர் நிலம் இருக்கிறது. லீவு நாளில் அங்கே போய்விடுவார். ஒரு பருக்கைக்குப் பின்னால் எத்தனை நாள் வேலை இருக்கிறது என்று தெரிந்த ஆள். என்னைப் போல மிஷினில் எண் பார்த்துத் தெரிந்துகொண்டவர் இல்லை.

எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன வருஷம் அது. சாதாரண ஆபரேஷன், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் உள்ளே அழைத்துப் போனார்கள். ரத்தம் நிற்கவில்லை. வெளியே அவரிடம் இரண்டாவது தடவையாகக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி மாடிப்படி ஜன்னலில் தீபம் ஏற்றுகிற மலை தெரிந்ததாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவளை எழுப்பிக் கொடுத்துவிடு, தீபத்தன்றைக்கு ஒரு மூட்டை அரிசி உன்னைப் பார்க்க வருகிற ஜனத்துக்கு ஆக்கிப் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். வேண்டியதுதான் வேண்டினார், கடை அரிசி இல்லை, என் நிலத்தில் விளைந்த அரிசி என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தும் சொல்லிவிட்டார். நான் பிழைத்து வந்தேன். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிற மனுஷன் எனக்காக அத்தனை வார்த்தை பேசியிருக்கிறார் என்று தெரிந்தபோது படுக்கையில் திரும்பிப் படுத்து அழுதேன்.

அந்த வருஷம் விளைந்த நெல்லை ஆவணியில் அரைத்து, நல்லதாக ஒரு மூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆலையிலேயே நான் ஈரம் பார்த்துவிட்டேன். சரியாகக் காய்ந்திருந்தது. அப்படியே ஆலைக் கிடங்கில் ஒரு மூலையில் வைத்திருந்தால் கார்த்திகை வரைக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் நேர்த்திக்கடன் மூட்டைக்கு அவர்கள் குடும்பத்தில் ஒரு முறை இருக்கிறது. அது வீட்டுச் சாமி படத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். தரையைக் கழுவிக் கோலம் போட்டு அதன்மேல் மூட்டையை வைத்து, வாயில் மஞ்சள் துணி முடிந்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டால் அது சாமியுடையது. சமைக்கிற நாள் வரைக்கும் பிரிக்கக் கூடாது, இடம் மாற்றக் கூடாது, வீட்டுச் செலவுக்கு ஒரு ஆழாக்குக்கூட எடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி காட்டி மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் சாமி படம் மாட்டியிருக்கும் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. அது எனக்குத் தெரியாதா? தெரியும். கழுவின தரை முழுசாகக் காயும் முன்னாலேயே மூட்டையை வைத்தோம். அதுவும் தெரியும். பல்லி எச்சம் விழாமல் இருக்கட்டும் என்று பாலிதீன் தாளைப் போர்த்தியது நான்தான். ஆலையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கு அவர்களுக்குத் தூக்கம் வந்திருக்காது. அந்த மாசமே ஒரு விவசாயி, வீட்டுச் சுவர் ஓரமாக அடுக்கி வைத்த நெல்லைக் கொண்டுவந்தார். "மூட்டைய செவுத்துக்குக் கட்டிக் குடுத்துட்டீங்களா, இப்டி ஒட்டிகினு இருந்திருக்குது" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தேன். ஆனால் ஆலை மூட்டை வேறு, சாமி மூட்டை வேறு என்று என் புத்தியில் ஏதோ ஒரு சுவர் இருந்திருக்கிறது. மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்று வேறு சமாதானம். மஞ்சளோடு தண்ணீரும் சேர்ந்துதானே விழுகிறது என்று ஈரக்காரம்மாவுக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குளித்து முடித்துச் சொம்பில் மஞ்சளைக் கரைத்து, வேப்பிலைக் கொத்தால் தெளிப்பேன். தாளை விலக்கித் தெளித்துவிட்டு, மறுபடி மூடிவிடுவேன். முதலில் நாலு சொட்டுத்தான். போகப் போகப் பக்தி ஜாஸ்தியாகிவிட்டது. வயிற்றில் தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்த நேரம். அந்த மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம், என் உயிருக்கு ஈடாக ஒன்று என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைப்பேன். ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் விடவில்லை. ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது, வீட்டுக்குள் துணிகூடக் காயவில்லை. அப்போதும் விடவில்லை.

தீபத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கல், தவிடு பார்த்து வைக்கலாம் என்று மூட்டையைப் பிரித்தோம். அன்னதானத்துக்கு அனுமதியெல்லாம் வாங்கி, கிரிவலப் பாதையில் சமைக்க ஆள் சொல்லி வைத்திருந்தோம். பாலிதீன் தாளைத் தூக்கினால் அடிப்பக்கம் இட்லிப் பானை மூடியைப் போல முத்து முத்தாகத் தண்ணீர். அவர் மஞ்சள் துணியை அவிழ்த்தார். அவிழ்க்கும் முன்பே எனக்கு வாடை வந்துவிட்டது. ஆலையில் பழகிய மூக்கு. மேலாக, தண்ணீர் விழுந்த இடத்தில் அரிசி மஞ்சளாகக் கட்டிப்போய், அதன்மேல் சாம்பலும் பச்சையுமாக மயிர் போல முளைத்திருந்தது. சுவர்ப் பக்கம் கறுப்பு. மூட்டையை நகர்த்தியபோது அடிச் சாக்கு இற்று, ஒரு துண்டு கோலத்தோடு தரையில் ஒட்டிக்கொண்டு வந்தது. நடுவில் கைவிட்டு எடுத்தால் மட்டும் அரிசி வெள்ளையாக இருந்தது.

அவர் துணியைக் கீழே வைத்தார். பிறகு மேலே பார்த்தார்.

"தளம் ஒழுகியிருக்குது போல" என்றார்.

"ஆமாங்க, ஒழுகித்தான் இருக்கணும்" என்றேன் நான்.

அவர் முறத்தை எடுத்து வந்தார். கட்டியானதை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, நடு அரிசியைத் தனியாக எடுக்க ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னா பண்றீங்க?"

"கெட்டது கம்மிதான். நடுவுல நல்லாத்தான் இருக்குது. நாலு தண்ணி கழுவி, வெயில்ல போட்டா…"

"போட்டா? அத்த ஜனங்களுக்கு ஆக்கிப் போடுவீங்களா?"

"சாமிக்குன்னு எடுத்து வெச்சதும்மா."

"சாமி பேரச் சொல்லி வெசத்தப் போடறதா? மேல பூத்திருக்கறது கண்ணுக்குத் தெரியுது. உள்ள எறங்கினது தெரியாதுங்க. கழுவினாலும் போவாது, வேக வெச்சாலும் போவாது. தட்டை ஏந்திகினு வர்றவங்கள்ல கொழந்த இருக்கும், வயித்துப் புள்ளக்காரி இருப்பா."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். நான் சொன்னால் கேட்டுக்கொள்வார், அதுதான் அவர் குணம். "சரி, மாட்டுக்காவது வெக்கலாமா?" என்று கேட்டார்.

"மாட்டுக்கு வெச்சா பால்ல வரும்."

"அப்ப?"

"குழி தோண்டிப் பொதைக்கணும். வேற வழி இல்ல."

"எம் பயிரு. உனக்கோசரம் வேண்டிகினது" என்றார் மெதுவாக. "மண்ணுல போட்டு மூடணுமா?"

அந்தக் குரலை நான் அன்றைக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் சொல்வதுதான் சரி என்ற வேகத்தில் இருந்தேன். சொன்னது சரிதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கடையில் இன்னொரு மூட்டை வாங்கினோம், தீபத்தன்றைக்குச் சாம்பார் சாதமாக ஆக்கிப் போட்டோம். மலை உச்சியில் தீபம் ஏறியபோது எல்லோரும் அரோகரா என்று கை தூக்கினார்கள். அவரும் தூக்கினார். ஆனால் அவர் முகம் கடமையை முடித்த முகமாக இல்லை. நம் நிலத்து அரிசி என்று சொல்லிவிட்டு வேறு அரிசியைப் போட்ட முகம். மறுநாள் கெட்ட மூட்டையை வேறு சாக்கில் மாற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் வந்து காலைக் கழுவினார். "பொதைச்சாச்சா?" என்று கேட்டேன். "முடிஞ்சிது" என்றார். அந்த வாரமே ஒரு மேஸ்திரியை அழைத்து வந்து, சாமி மூலைக்கு மேலே தளத்தில் சிமெண்ட் பூச வைத்தார்.

அதற்கப்புறம் அவர் மதியச் சாப்பாடு எடுத்துப் போவதை நிறுத்திவிட்டார். "ஆபரேஷன் ஆன ஒடம்பு, காலையில எழுந்து எனக்கு வேற டப்பா கட்டணுமா. அங்க ஸ்டவ் இருக்குது, சோறு நானே ஆக்கிக்கறேன். கொழம்பு மட்டும் குடு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓசூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, உங்க அப்பாவுக்கு இந்த வயசில் பெண்டாட்டி மேல் எத்தனை அக்கறை பார் என்று சொன்னேன். தினமும் காலையில் தூக்கில் குழம்பு ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். வத்தக்குழம்பு, கீரைக்குழம்பு, அவருக்குப் பிடித்த மொச்சைக்கொட்டைக் குழம்பு. எதில் பிசைந்து சாப்பிடுகிறார் என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நாலு வருஷம் போனது. முதலில் பசி போயிற்று. பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி. கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். வயிறு உப்ப ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈரலில் கட்டி. எடுக்கிற நிலைமையைத் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்திருக்கிறது, பல வருஷமாகவே இருந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியவில்லை. குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். டீயையே அரை கிளாஸாக்கிக் குடிக்கிற மனுஷன். அடுத்ததாக டாக்டர் கேட்டது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"பூஞ்சை புடிச்ச வேர்க்கடலை, அரிசி, சோளம் மாதிரி ஏதாவது ரொம்ப நாள் சாப்பிட்டிருக்காரா? அந்தக் கிருமி இருக்கறவங்களுக்கு அது இன்னும் கெடுதல்."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அதுக்கு எங்க வீட்ல வழியே இல்ல சார். நானே அந்த வேலைதான் பாக்கறேன். ஒரு மணி அரிசி கெட்டுப்போயிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும்" என்றேன்.

பக்கத்தில் அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நோயைக் கேட்டுப் பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று மாசம் கூட இல்லை. வீட்டில், அந்தச் சாமி மூலை தெரிகிற மாதிரி கட்டிலைப் போடச் சொன்னார். கடைசி நாட்களில் கஞ்சிதான். அரிசியை நானே பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, முறத்தில் புடைத்து, நொய்யாக உடைத்துக் காய்ச்சிக் கொடுத்தேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டு, நல்லா இருக்குது என்பார். ஒரு காலையில் கஞ்சியோடு போனேன், ஆள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து மகள் ஊருக்குப் போன பிறகு, அவருடைய சாமான்களை எடுத்து வரக் கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். அங்கே கூட்டிப் பெருக்குகிற பெண்தான் பின்பக்க அறையைத் திறந்துவிட்டாள். எட்டு வருஷமாக அங்கே வேலை செய்கிறவள், அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அவருடைய மாற்றுச் சட்டை, டார்ச் லைட், ஒற்றைச் செருப்பு போட்டு வைத்த அட்டைப்பெட்டி, ஒரு குக்கர், சின்னதாக ஒரு பிளாஸ்டிக் டிரம். டிரம்மின் கழுத்தில் ஒரு துணி கட்டியிருந்தது. சாயம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் அந்த மஞ்சள் துணியை எனக்குத் தெரியாதா? நான் முடிந்த முடிச்சு.

மூடியைத் திறந்தேன். அடியில் ஒரு பிடி அரிசி, வண்டு அரித்து மாவும் கருப்புமாக. எங்கள் பக்கத்தில் அரிசி வைத்த பாத்திரத்தை வழித்துத் துடைக்க மாட்டார்கள், கடைசி ஒரு பிடியை விட்டுவைப்பார்கள். அவரும் விட்டுவைத்திருக்கிறார். நாலு வருஷம் ஆகியும் அந்த வாடை போகவில்லை.

"இது எப்போ வந்தது?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அதாங்க்கா, தீபம் முடிஞ்சி கொண்டாந்தாரே, அந்த அரிசி. கட்டி கட்டியா இருந்தத எடுத்துப் போட்டுட்டு மீதிய மாடியில காய வெச்சாரு. ஒரு வருசத்துக்கு மேல மத்தியானம் அதத்தான் ஆக்கித் துண்ணாரு. நாலஞ்சு தண்ணி கழுவுவாரு. அப்பவும் ஒரு கசப்பு வாடை வரும்க்கா. எனக்குக் கொஞ்சம் குடுண்ணான்னா குடுக்க மாட்டாரு. இது யாருக்கும் போடக் கூடாது, கெட்டது, எங்க வூட்டுல படிச்சிப் படிச்சி சொல்லிகிறாங்கன்னுவாரு."

"கெட்டதுன்னு தெரிஞ்சே ஏன்மா சாப்ட்டாரு?"

அவள் குக்கரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். நான் விடவில்லை. என் சுபாவம், விட மாட்டேன்.

"நானும் கேட்டேன்க்கா. அவ உசுரோட எழுந்து வந்தா போடறேன்னு வேண்டிகின அரிசி, அவ கையாலயே வாராவாரம் பூஜை பண்ண அரிசி, அத்த மண்ணுல போட்டா அவளுக்கு ஏதுனா ஆயிடும்னாரு. ஜனத்துக்கும் போட முடியாது, வீசவும் முடியாது, நானே துன்னு தீத்துட்டா வேண்டுதல் எம்மேல தீந்துபோவும்னாரு." என் பக்கத்தில் வந்து, "அக்காகிட்ட சொல்லிடாதன்னு சத்தியம் வாங்கிகினாரு. அவ தெளிச்ச தண்ணியாலதான் கெட்டுதுன்னு அவளுக்குத் தெரியாது, தளம் ஒழுகிடிச்சின்னு நெனச்சிகினு இருக்கறா, அப்டியே இருக்கட்டும்னாரு" என்றாள்.

நான் அந்த டிரம்மின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அழுகை வரவில்லை. டாக்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பெருமை பேசியதும், அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்ததும்தான் திரும்பத் திரும்ப வந்தது. அப்போதுகூட அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்த அரிசியால்தான் போனார் என்று யாராலும் சொல்ல முடியாது. மறுபடி ஒரு நாள் தனியாகப் போய் அந்த டாக்டரிடம் கேட்டேன். கிருமி ஒன்றே போதும் அம்மா, ஒரு வருஷம் சாப்பிட்டதை வைத்து இதனால்தான் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். நல்ல மனுஷன். எண் பார்த்து எண் சொல்லியே பழகியவள் நான். எண் இல்லாத இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேலைக்குப் போகிறேன், குத்தூசி பிடிக்கிறேன். விவசாயிகள் நெல்லைக் கடித்துக் காட்டும்போது முன்னைப் போலக் கிண்டல் வருவதில்லை. வீட்டில் அரிசியை எங்கே வைத்திருக்கிறீர்கள், சுவரில் பட்டுக்கொண்டிருக்கிறதா, யாராவது தண்ணீர் தெளிக்கிறார்களா என்று கேட்கிறேன். ஈரக்காரம்மாவுக்கு வயசாகிவிட்டது, விசாரணை நடத்துகிறாள் என்று சிரிக்கிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

அந்த ஒரு பிடி அரிசியை மஞ்சள் துணியோடு எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். அவர் புதைத்துவிட்டதாக நான் நம்பிக்கொண்டிருந்த நிலத்துக்கே போனேன். இந்தப் பருவம் யாரும் பயிர் வைக்கவில்லை. வரப்பு ஓரம் களைக்கொத்தால் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினேன். அன்றைக்கு அவரை அனுப்பாமல் கூடவே வந்து இதைச் செய்திருக்கலாம். அரிசியைக் கொட்டி, துணியை அதன்மேல் போட்டு, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தேன். அங்கிருந்து பார்த்தால் மலை சின்னதாகத் தெரிகிறது. சுற்றிலும் யாரும் இல்லை. 

மூட்டையைப் பிரித்த அன்றைக்கு, தளம் ஒழுகியிருக்கிறது என்று அவர் சொன்னதும் நானும் நிமிர்ந்து பார்த்தேன். சாமி படத்துக்கு மேலே சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு ஈரத் திட்டு இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. மஞ்சள் கறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பூசணமும் தடித்திருந்தது. ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு மிஷின் தேவைப்படவில்லை. என் கையால் கெட்டது, அதை ரெண்டு பேரும் சேர்ந்து புதைப்போம் என்று அந்த நிமிஷம் நான் சொல்லியிருந்தால், அவருக்குக் காப்பாற்ற ஒரு பொய்யும் இருந்திருக்காது, என் பூஜை என்று சுமந்துபோக ஒரு மூட்டையும் இருந்திருக்காது. ஊரில் அத்தனை பேர் மூட்டையிலும் குத்தூசி போட்டவளுக்கு அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

மிதித்த மண்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னேன். "ஏங்க, தளம் ஒழுகலைங்க. எனக்கு அன்னிக்கே தெரியும்."